ஓர் எழுத்து

மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் காகிதம்
மாதம் ஒருமுறை மாறும்.
வீடு புகுந்து திருட்டு: சுழியம்.
சைக்கிள் திருட்டு: இரண்டு.
கீழே நான்கு மொழிகளில் நன்றி.
இரவுப் பணி முடிந்து வரும்போதெல்லாம்
வானிலை பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
குடை எடுக்காமல் நடக்கிறவள் நான்.

எங்கள் காலணி அடுக்கு வெளியில்தான்.
இரும்புக் கதவுக்கு ஒரு பூட்டு, அதுவும் பேருக்கு.
மரக்கதவைத் திறந்தே போட்டுத் தூங்குவோம்
காற்றுக்காக.

வியாழன் விடிகாலை நாலே கால்.
சத்தம் எதுவும் கேட்கவில்லை.
வாடைதான் முதலில் வந்தது,
தீபாவளிக்கு முந்தின வார வாடை.
விளக்கைப் போட்டேன்.
கம்பியில், கதவில், தரையில்,
மகனின் வெள்ளைப் பள்ளிக் காலணிக்குள்
சிவப்பு.
சுவரில் கறுப்பு மையில் எங்கள் வீட்டு எண்,
ஒரு கைப்பேசி எண்,
'வாங்கியதைத் திருப்பு' என்பதைச் சுருக்கிய
நாலு கிறுக்கல்.

வந்த சார்ஜண்டுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம்.
பெயர்ப் பட்டையில் ஹேமவர்ஷினி.
ஆங்கிலத்தில் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு
குரலைத் தாழ்த்தி
"அக்கா, வீட்டுல யாராவது வெளியில கடன்..." என்று
தமிழுக்கு மாறியபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

இளம்பரிதி என்னைப் பார்த்தார்.
நான் அவரைப் பார்த்தேன்.
அரை நொடி இருக்கும்.
பதினொரு வருடத்தில்
அப்படி ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.
அதை யாரிடம் புகார் கொடுப்பது?

ரொக்கையா தின்னர் பாட்டிலோடு வந்து
கேட்காமலே துடைக்க உட்கார்ந்தார்.
கடைசி வீட்டுக் கோ
தன் காலணி அடுக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.
அதன் கால்கள் சிமெண்டில் உரசிய சத்தம்
இன்னும் என் பல்லில் இருக்கிறது.

நகர மன்றத்து ஆள் வந்து பூசிய பிறகும்
ஒரு கட்டம் தனியாகத் தெரிந்தது.
"அதே பெயிண்டுதான் மேடம்,
உங்க சுவருதான் நிறம் மாறிப்போச்சு" என்றார்
செந்துறைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை பையன் அகப்பட்டான்.
வயது பதினாறு.
ஒரு கதவுக்கு ஐம்பது வெள்ளி.
போக வேண்டியது பி புளோக்,
வந்தது ஏ புளோக்.
அதே மாடி, அதே எண்.
இருட்டில் ஓர் எழுத்தைத் தவறவிட்டான்,
அவ்வளவுதான் என்றார்கள்.
அடுத்த மாதக் காகிதத்திலும்
சுழியம் சுழியமாகவே இருந்தது.
சிவப்புக்கு அதில் வரி இல்லை.

எங்கள் அடுப்படிச் சன்னலுக்கு நேர் எதிரே
பி புளோக்.
இத்தனை வருடம் அது எனக்கு
வெயிலை மறைக்கும் சுவர் மட்டும்.
இப்போது ஒன்பதாவது மாடியை எண்ணிக் கண்டுபிடிக்கிறேன்.
மூங்கில் கழியில் பாலர் பள்ளிச் சட்டை ஒன்று,
மஞ்சள்.
மூன்று மணிக்கும் விளக்கு எரிகிறது.
பாத்திரம் கழுவுகிறேன், பார்க்கிறேன்.
கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவுகிறேன்.

நேற்று போய்விட்டேன்.
திட்டவா, எச்சரிக்கவா,
காலணி விலையைக் கேட்கவா,
தெரியவில்லை.
மின்தூக்கியில் ஏறும்போது ஒரு வாக்கியம் இருந்தது,
இறங்கும்போது இல்லை.

கதவு சாத்தியிருந்தது.
அடியில் ஈரத் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள்.
உள்ளே தொலைக்காட்சி
சட்டென்று நின்றது.
யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு
என் காலடியைக் கேட்கிறார்கள் என்று
எனக்கும் கேட்டது.

தட்டக் கையைத் தூக்கினேன்.
நிலைக்கு மேலே
புதிதாக மாட்டிய சின்ன கேமரா,
ஒற்றைச் சிவப்புப் புள்ளி.
அதில் நான்:
இரவு பதினொன்று நாற்பது,
முகக்கவசம், கையில் பை,
அடையாளம் தெரியாத பெண்,
வாசலில் நான்கு நிமிடம்.